கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

மாஸ்டர்,

இன்று மத்தியானம் செக்கிங் டேபிளில் விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. கூரைத் தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைக் கறை என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அது சூரியனோட படம் கண்ணு. ஓட்டை சதுரமா இருந்தாலும் வெளிச்சம் வட்டமாத்தான் விழும்" என்று சொல்லியிருப்பீர்கள். உங்களைத் தெரியாதவர்களெல்லாம் அதற்குள் இங்கே வேலைக்கு வந்துவிட்டார்கள்.

வேலம்பாளையத்துப் பனியன் யூனிட்டில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் சூப்பர்வைசர். வாரத்தில் ஒரு நாள் லீவு. மற்றவர்கள் அதைத் தூங்கித் தீர்ப்பார்கள். நீங்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய், அங்குள்ள பழைய தேவாலயம் ஒன்றில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவீர்கள். எதற்கு என்று கேட்டேன். "உசரம் பாக்கப் போறனுங்க" என்றீர்கள். "அந்தக் கூரைய அண்ணாந்து பாத்தாவே கழுத்து வலிக்குது. அப்பறம் நட்சத்திரம் எவ்வளவு தூரத்துல இருக்கும்னு கொஞ்சம் புத்திக்கு எட்டுதுங்க." திங்கட்கிழமை டீ நேரத்தில் அந்தத் தூரத்தை எங்களுக்கும் பங்கு வைப்பீர்கள். நாம் இப்போது பார்க்கும் வெளிச்சம் நம் தாத்தாக்கள் பிறப்பதற்கு முன்பே புறப்பட்டது என்று நீங்கள் சொன்ன அன்று டெய்லர்கள் டீயைக் குடிக்க மறந்து நின்றார்கள்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாய்க்குட்டியைக்கூட "வாங்க" என்று கூப்பிடும் ஊர் நம்முடையது. அப்படியிருந்தும் நான் உங்களைப் பல வருடம் "வா, போ" என்றுதான் பேசினேன். நான் தோட்டங்காட்டுக் குடும்பம். உங்கள் அப்பா எங்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் வேலை செய்தவர். உங்களைவிட எனக்கு இரண்டு வயது குறைவு. நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கும் ஒரு நாளும் உறுத்தியதில்லை.

2019-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வளையச் சூரிய கிரகணம். பர்மிஷன் போட்டு என்னை உங்கள் ஊர்க் கோவிலுக்குக் கூட்டிப் போனீர்கள். நூறு வருடம் தாண்டிய ஓட்டுக் கட்டடம். குடிலை இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டு இடுக்குகள் வழியாகத் தரையெங்கும் வெளிச்சப் பொட்டுகள். ஒன்பது மணி சுமாருக்கு வெயில் மங்கியது. பொட்டுகள் முதலில் பிறைகளாயின. பிறகு ஒவ்வொன்றும் வளையமானது. பீடத்தின் மேல், பெஞ்சுகளின் மேல், மாட்டுக்கொட்டில் பொம்மைகளின் மேலெல்லாம் வளையங்கள். உங்கள் மனைவி ஸ்டெல்லா கையை நீட்டி உள்ளங்கையில் ஒன்றை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் தரைக்கல்லில் குறுக்கு வரிசையாகச் சிமெண்டு பூசி அடைத்த குழிகளைப் பார்த்தேன். "இது என்னங்க?" என்றேன். நான் உங்களிடம் சொன்ன முதல் "ங்க" அது.

"குறுக்க தடுத்து வெச்ச கம்பி அளி இருந்த எடமுங்க. எங்க தாத்தா காலத்துல நாங்க இதுக்குப் பின்னாடி. முன்னாடி மேல்சாதிக்காரங்க."

"கோவம் வரலீங்களா?"

"அண்டம் எவ்வளவு பெருசுங்க. அதுல இந்த அளி எம்மாத்திரம்? அதான் எடுத்துட்டாங்கல்ல."

அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிந்தது.

போன ஐப்பசியில் கட்டிங் டேபிள் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டு போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் அதே கோவிலில் உங்கள் பெட்டியை நடுவில் வைத்து, இறைவன் முன் அனைவரும் ஒன்று என்று சாமியார் பிரசங்கம் செய்தார். அரை மணி நேரம் கழித்து நாங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். நடுவே ஆள் உயரச் சுவர். முன்பக்கம் வேப்பமரமும் பளிங்குச் சிலுவைகளும். உங்கள் தெருக்காரர்களுக்கான பின்பக்கத்துக்குச் சாக்கடையை ஒட்டித் தனி வழி.

ஸ்டெல்லா கோவில் கமிட்டிப் பெரியவரிடம் கேட்டார். "பின்னாடி மழைத்தண்ணி நிக்குதுங்க. முன்னாடி இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே."

"வழக்கத்த இன்னிக்கு மாத்த முடியாதுங்க. சாவுல எல்லாரும் ஒண்ணுதானே. எங்க பொதச்சா என்ன?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணுதான்னா உங்க அய்யன அந்தப் பக்கம் பொதச்சிருக்கலாமல்லங்க?"

பெரியவர் முகம் சிவந்தது. சாமியார் வாட்சைப் பார்த்தார். பெட்டி எங்கள் தோளில் இருந்தது. ஸ்டெல்லாதான், "போலாமுங்க. அவரத் தோள்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு வழக்குப் பேச வேண்டாம்" என்றார். போனோம். குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி ஆட்கள் பக்கெட்டால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. அந்தச் சேற்றில்தான் உங்களை இறக்கினோம்.

உங்கள் பதிலோடு எனக்கு இப்போது சண்டை, மாஸ்டர். அளியை அவர்கள் எடுக்கவில்லை, கல்லறைக்கு மாற்றினார்கள். அண்டம் பெரியது என்று நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். அந்தப் பொறுமை அவர்களுக்கு எத்தனை வசதியாகப் போயிற்று! இத்தனை நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு ஆறடி காய்ந்த மண் இல்லை என்கிறார்கள். நீங்கள் படாத கோபத்தையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரிலும் மயானம் இரண்டு. நாற்பத்தெட்டு வயது வரை அது என் கண்ணில் படவில்லை. என் அண்ணனிடம் கேட்டேன். "அது வேறடா" என்றார். என்ன வேறு என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஸ்டெல்லா ஆயருக்கு மனு எழுதியிருக்கிறார். சுவரை இடிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான். நாலு மாதமாக ஞாயிறுதோறும் பூசை விடும் நேரத்தில் கோவில் வாசலில் இருவரும் கையெழுத்துக்காக நிற்கிறோம். உங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். முன்பக்கத்துக் குடும்பங்களில் ஒருவரும் போடவில்லை. போன வாரம் கமிட்டிப் பெரியவர் என் எதிரே வந்து நின்றார்.

"நீங்க இந்து. எங்க சபை விசயத்துல உங்களுக்கு என்னங்க வேல?"

"எங்க ஆளு ஒருத்தரு அந்தச் செவத்துக்குப் பின்னாடி இருக்கறாருங்க" என்றேன்.

நான் பேனாவை அவர் முன்னால் நீட்டியபடியே நின்றேன்.