வராத வெளிச்சம்

இல்லை, அப்பா கண்ணுக்கு லேசர் இன்னும் செய்யவில்லை. நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்திலேயே நின்று, சொல்லாதே என்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார், அதனால் சொட்டு மருந்திலேயே கட்டுக்குள் இருக்கிறது என்றேன். அது பொய். நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும், தெரியும். நான் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். உன் அப்பாவைப் பற்றி அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

போன வாரம் அவரிடம் கார் ஓட்டக் கற்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, சைக்கிள்காரர் இடப்பக்கம் வந்தாரு ஆன்ட்டி, சார் பாக்கவே இல்ல, நான்தான் பிரேக் போட்டேன் என்றாள். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அது எதற்கு இருக்கிறது?

அவள் போனதும் காரைத் திறந்தேன். முன்சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியில் சொட்டு மருந்துப் புட்டிகள், பல மாதத்தவை, பெரும்பாலானவற்றின் மூடிகூட உடையவில்லை. தினமும் வெயிலில் நிற்கிற கார். திறந்திருந்த ஒன்று கசிந்து, கைதுடைக்கும் துணியோடும் பழைய மிட்டாய்த்தாளோடும் ஒட்டிக்கிடந்தது. விரலில் பிசுபிசுத்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். வாங்கி வாங்கிக் கொடுத்தது நான்தான். போட்டாச்சா என்றால், போட்டாச்சு போட்டாச்சு, எரியுது, விடு என்பார். கண்ணைக் கசக்கியும் காட்டுவார். என்ன நடிப்பு.

கையோடு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் முதல் நாளே இரண்டு வழிகளையும் எதிரில் வைத்தவர். லேசர் கண்ணுக்குள் ஏறிய அழுத்தத்தைக் குறைக்கும், சில நிமிட வேலை, வலி அதிகம் இருக்காது, பலருக்குச் சில வருடங்கள் மருந்தே தேவைப்படாது, பலன் குறைந்தால் திரும்பவும் செய்யலாம். சொட்டு மருந்தும் அதே அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் ஒருநாள் விடாமல் போட வேண்டும், கண் சிவக்கலாம். போன பார்வையை இரண்டுமே திருப்பித் தராது. இவர், கண்ணுக்குள்ள நெருப்ப விடவா என்று சொல்லிச் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டார். பயம் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. லேசரை ஏமாற்ற முடியாது.

அழுத்தம் பார்க்கும் நாளுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார், எண் அழகாக வந்திருக்கிறது. பக்கப்பார்வைச் சோதனை இன்னும் கேவலம். கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்த வேண்டும். இவர் ஒரு தாளம் பிடித்து அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். வராத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்தியிருக்கீங்களே சார் என்று டாக்டர் கேட்க, இவர் சிரித்துக்கொண்டு, டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணணும் இல்லையா டாக்டர் என்றார். டெஸ்ட் நடக்கும் தெருவை மட்டும் உருப்போட வைத்து ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தவர் இல்லையா, அந்தப் புத்திதான். டாக்டர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் கறுப்பு.

கொஞ்ச நாளாக நான் இடப்பக்கமிருந்து வந்தால் தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்க்கிறார். வயதாக ஆகப் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தூ.

கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி உண்டே, அதை எழுதப் போவதில்லை. இன்னும் முழுக்கக் கெடவில்லை. எனக்கு அவர் கண்ணைவிட அந்த சைக்கிள்காரர்தான் தூக்கத்தில் வருகிறார். இதை எழுத வெட்கமாகவும் இல்லை.

வியாழக்கிழமை லேசருக்கு நாள் குறித்திருக்கிறது. அவ சொல்லட்டும், செஞ்சுக்கறேன் என்கிறார். அவ என்றால் நீ. என் சொல் எடுபடவில்லை. புதன்கிழமைக்குள் கூப்பிடு. பாவம் அப்பா என்று தொடங்காதே, தொடங்கினால் அதையே பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார். கார் ஓட்டுவதைப் பற்றி நீ பேச வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நீயும் கண்ணைக் காட்டு, இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம். அவரிடமிருந்து உனக்கு வேறு எது வந்தாலும் வரட்டும், அந்தத் தாளம் மட்டும் வேண்டாம்.

கண்ணும் மனசும் தெளிவாக நீண்ட காலம் இரு, கண்ணம்மா.

உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கீழே போய், காரின் மேலிருந்த பயிற்சிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவர் அங்கே நின்றிருந்தார், அவருடைய இடப்பக்கமாகத்தான் வந்தேன். தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தார்.