எண்ணெய் சேராத தொட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன், எப்போதும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம்தான், என் முழங்காலைச் சேர்க்காவிட்டால். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கீங்களாப்பா என்பாய், நான் இருக்கேம்மா என்பேன், அடுத்த நொடி போன் அம்மா கைக்குப் போய்விடும். மூன்று வருடமாக இதுதானே நடக்கிறது. கடிதம் என்றால் நடுவில் யாரும் பிடுங்க முடியாது, நானும் நழுவ முடியாது.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர், அந்த இரண்டு நாளும் எழுதிக் காட்டியே என்னைத் திட்டினாள். ஊர்ல இருக்கிற சிங்க்கெல்லாம் பாக்கிற மனுஷனுக்கு நம்ம வீட்டு சிங்க் ஒழுகுறது மட்டும் கண்ணுக்குத் தெரியல என்று பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியே வைத்துவிட்டாள், பல் ஆறியும் அது அங்கேதான் இருக்கிறது. தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான், செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. எனக்குத்தான் முன்போல முடியவில்லை பாப்பா. குனிந்தால் நிமிர முடிவதில்லை, நிமிர்ந்தால் எதற்குக் குனிந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் கை வைக்கும்போது அந்தப் பழைய எண்ணெய் நாற்றம், அது உனக்குத் தெரியாததா. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆமாம், அதே கேன்டீன்தான். அன்றைக்குச் சாக்கடைத் தண்ணீர் பொங்கிச் சமையலறைக்குள் வந்தபிறகு நம்மை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள் இல்லையா, அவர்கள் மாதம் ஒருமுறை மெஷின் கொண்டுவந்து தண்ணீர் அடித்து வெளிக் குழாய் அடைப்பை எடுத்துவிட்டுப் போய்விடுவார்களாம், எண்ணெய் பிடிக்கிற தொட்டியை யார் திறந்து பார்த்தார்கள். இப்போது சமையலறையைப் பெரிதாக்குகிறார்கள், அந்தக் கிரீஸ் ட்ராப் தொட்டியையும் பெரிதாக மாற்ற வேண்டுமாம். புது மேனேஜர் மூடிமேல் நீ ஒட்டிய ஸ்டிக்கரில் நம் நம்பரைப் பார்த்திருக்கிறார். எனக்குப் போக மனசே இல்லை, அந்த இடத்தை நினைத்தாலே உன் முகம்தான் வருகிறது. ஆனாலும் போனேன்.

மேனேஜருக்கு ஒன்றும் தெரியவில்லை, இந்தப் பெட்டி என்ன சார் செய்யும் என்று கேட்டார். நான் பெரிய வாத்தியார் மாதிரி ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சிங்க் பக்கம் மேலாக உள்ளே வரும், கொஞ்சம் நிற்கும், நின்றால் எண்ணெய் மிதக்கும், கசடு அடியில் தங்கும், அந்தப் பக்கம் ஆழமாக இறங்குகிற குழாய் ஒன்று இருக்கும், அது நடுவில் தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விடும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கினேன். ஆழமாக இறங்குகிற குழாய் சிங்க் பக்கம் இருந்தது பாப்பா. பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், தண்ணீர் போகிற திசையைக் காட்டுகிற அம்புக்குறியும் சிங்க்கைப் பார்த்துத்தான் இருந்தது. தொட்டியே எதிர்த் திசையில் உட்கார்ந்திருக்கிறது. வந்த தண்ணீர் அடியில் போய்க் கசடைக் கலக்கி, அதையும் மிதக்கிற எண்ணெயையும் மேல் வாய் வழியாக அப்படியே சாக்கடைக்குத் தள்ளியிருக்கிறது. பிறகு தொட்டியில் எண்ணெய் எங்கிருந்து சேரும்?

வைத்தது யார்? நான்தான். அன்றைக்கு மூடி சுவரில் இடித்தது, தினமும் திறக்கப்போகிற உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று தொட்டியைத் திருப்பி வைத்தேன். உள்ளே இருக்கிற குழாயை அப்புறம் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன், மறந்தேன். உனக்காகச் செய்தேன் என்று இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பத்தொரு நாள் நீ நோட்டில் எழுதினாய், திறந்தேன், மேலே எண்ணெய் இல்லை, அடியில் கசடு இல்லை என்று. மாதம் முடிந்ததும் நான் வந்து தொட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நம் வழக்கம், வேறு வேலை என்று அதற்கும் வரவில்லை. தண்ணீர் பொங்கிய அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நின்று, மூடியவே தொறக்காம எழுதியிருக்கே, எண்ணெய் இல்லேன்னா சாக்கடையில கட்டி கட்டியா நிக்கிறது உங்க அப்பன் தலையில தடவினதா என்று கத்தினேன். இந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நோட்டை வீசினேன். நீ ஸ்பேனரைச் சிங்க் மேடையில் வைத்துவிட்டுப் போனாய். போனவள் இவ்வளவு தூரம் போய்விட்டாய்.

அன்று நின்றவர்களில் இப்போது மிச்சம் ஒருத்திதான், நீ அக்கா அக்கா என்று கூப்பிடுவாயே, பாத்திரம் கழுவுகிற அந்தப் பெண். அவளையும் மேனேஜரையும் நிற்க வைத்து, தப்பு என் மேல, என் பொண்ணு எழுதுனது அத்தனையும் நிஜம் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, அது தெனமும் மூடியத் தூக்குறத நான்தானேண்ணே பாத்தேன், நீங்க கத்துன கத்துல எனக்கே வாய் வரல, இப்ப எங்கிட்ட சொல்லி என்ன பண்றது, அதுகிட்ட சொல்லுங்க என்றாள். பிறகு உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். குப்பையில் போட மனசு வராமல் வைத்திருந்தாளாம்.

அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ பொய் சொல்லவில்லை. என் வேலையில் இருந்த தப்பைத்தான் நீ தினமும் எழுதிக் காட்டியிருக்கிறாய், படிக்கத் தெரியாதவன் நான். என்னை மன்னித்துவிடு அம்மா. நீ உடனே பேச வேண்டும் என்றில்லை, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது.

வேளைக்குச் சாப்பிடு. பொரித்த வாணலியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவு, சிங்க்கில் எண்ணெய் ஊற்றாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. இதோடு அந்த நோட்டையும் வைத்து அனுப்புகிறேன், மறக்காமல் பிரித்துப் பார். நாற்பத்தொரு நாளுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய தேதி போடவில்லை, இன்றைய தேதிதான். தாமதம் என்னுடையது.

இது நாற்பத்திரண்டாவது கையெழுத்து,
உன் அப்பா