அரை மாத்திரை

சென்னை
12.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு, அருணா வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

கணினி நிரலைத் தானாக எழுதித் தரும் எங்கள் மென்பொருளில், எண்ணைத் தசமத்தோடு வைப்பதா என்பது போன்ற அமைப்புகளை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாற்ற வேண்டும். நேற்று குழந்தைகள் மருத்துவமனையின் மருந்துச் சீட்டுக்கான நிரல் பஸ் கம்பெனியின் அமைப்புகளோடு உருவாகிவிட்டது. தசமமெல்லாம் முழு எண்ணாகி, அரை மாத்திரை ஒரு மாத்திரையாக வந்தது.

"இன்னைக்கே அனுப்பிடும்மா, அப்புறம் திருத்திக்கலாம்" என்றார் மேலாளர்.

"இல்லீங்க, கொழந்தைங்களுக்குப் போற மருந்துங்க" என்று மறுத்துவிட்டேன். இரண்டு அமைப்புகளையும் பிரித்து, மறுபடி உருவாக்கிச் சரிபார்த்த பிறகே அனுப்பினேன். அதன்பின் மேலாளர் என்னிடம் பேசவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஞாயிறன்று மலையிறங்கிச் சேந்தமங்கலம் வந்தால், விடுதிக்குப் போன் செய்யுங்கள். விஷயம் எதுவும் வேண்டாம், சும்மா பேசிக்கொண்டிருங்கள், நான் கேட்கிறேன். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

அருணா