மிச்சமிருக்கும் கண்

லிங்கசுகூர்
6-9-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

கங்காதர் வணங்கி எழுதுவது. உங்கள் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். ஊருக்கெல்லாம் புரை எடுத்த பெரிய டாக்டர், தன் கண்ணை மட்டும் யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள். இங்கே கண் காட்ட வருகிற கிழவர்கள் இன்னமும் என்னை "ஹூப்ளி டாக்டர் மகன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். உங்கள் கண் ஆபரேஷனை நான் செய்கிறேன். நம் ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். லீவுக்குச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகன்,
கங்காதர்

ஹூப்ளி
14-9-1993

சிரஞ்சீவி கங்காதருக்கு ஆசீர்வாதம்.

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். உன் கடிதம் வந்த அன்றே மகாந்தேஷிடம் நாள் கேட்டேன். நேற்று வலது கண்ணைச் செய்துவிட்டான். என்னிடம் படித்து, என் பக்கத்திலேயே நின்று பழகினவன். உன் கைக்கு அவசரம் ஜாஸ்தி. மனதில் வைத்துக்கொள்ளாதே. "பெத்த புள்ள கேட்டும் குடுக்காம, வெளியாளுக்குக் குடுத்தீங்களே" என்று உன் அம்மா எழுதும்போதே முறைக்கிறாள். வேர்க்கடலைச் சட்னிப் பொடி பஸ்ஸில் வருகிறது, டிரைவரிடம் வாங்கிக்கொள்.

அப்பா

ஹூப்ளி
26-10-1993

கங்காதர்,

வரி கோணலாகப் போகும், பொறுத்துக்கொள். இதை அம்மாவிடம் சொல்லி எழுத மனம் வரவில்லை. வலது கண் போய்விட்டது. உள்ளே சீழ் பிடித்துவிட்டது. மகாந்தேஷ் மேல் குற்றமில்லை, யார் கையிலும் நடக்கக்கூடியது. அவன் அழுதான், நான்தான் சமாதானம் சொன்னேன்.

விஜயதசமிக்கு வன்னி இலை கொடுத்துக் காலில் விழ எல்லாரும் வந்தார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து ஆசீர்வதித்தேன். உன் குரல் கேட்கவேயில்லை.

இடது கண்ணில் புரை முற்றிவருகிறது. இனி இருப்பது இது ஒன்றுதான். நீ வந்து செய்.

அப்பா

லிங்கசுகூர்
3-11-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

கண் போன செய்தி படித்து வெகுநேரம் அழுதேன்.

உங்களிடம் பயிற்சியில் இருந்தபோது, நர்சுகள் பார்க்க என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, "தள்ளுடா, ஒரு கண்ணு போயிடும்" என்றீர்கள். அந்தக் குரல் காதில் விழாத இடம் தேடித்தான் இங்கே வந்தேன். இங்கே அது அடங்கியிருந்தது. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனேன். கத்தியை எடுத்ததும் அதே குரல். கத்தியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். படுத்திருந்த பெரியவரை வேறு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு இருந்தபோது கேட்டேன், நீங்கள் கொடுக்கவில்லை. இப்போது இருப்பதே ஒன்று. என்னால் முடியாது அப்பா. வேறு நல்ல டாக்டரிடம் சீக்கிரம் செய்துகொள்ளுங்கள், முற்றவிடாதீர்கள்.

நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

கங்காதர்

ஹூப்ளி
9-11-1993

கங்காதர்,

இதையும் நானேதான் எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. எவ்வளவு பெரிதாக எழுதியும் எனக்கு மை கொட்டினதுபோலத்தான் தெரிகிறது. உன் அம்மா படிக்கிறேன் என்றாள், கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

என்ன எழுதியிருந்தாலும் சரி, நீ வந்து படித்துக் காட்டு.

அப்பா