கங்காணிப் பெட்டியின் மூச்சு

மாப்ளே,

இன்று மதியம் என் வீட்டுக் கூடத்தில் ஏலக்காய் மணந்தது. பாயசமோ என்ற நப்பாசையில் அடுக்களைக்குப் போய் எட்டிப் பார்த்தேன், புளிக்குழம்புதான். திரும்பி வந்தால் மணம் உன் கணினிப் பெட்டியிலிருந்து வருகிறது. உன் சின்னக்கானல் குளிரில் அதன் உள்ளே இருக்கும் காற்றாடி சுற்றி நான் பார்த்ததே இல்லை. என் கொழிஞ்சாம்பாறை வெக்கை பட்டதும் சுற்ற ஆரம்பித்து, உன் வீட்டு அடுப்புப் புகையையும், பக்கத்தில் மூட்டையில் கிடந்த ஏலக்காயையும் சேர்த்து என் மூஞ்சியில் ஊதுகிறது.

“ஏனுங்க, உங்க கூட்டாளி இன்னிக்கு ரொம்ப மூச்சு வாங்கறாருங்க” என்றாள் என் மனைவி. வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன்.

குமுளியிலும் உடும்பஞ்சோலையிலும் இருந்த ஏலக்காய் வியாபாரிகளுக்காக நாம் வேலை பார்த்த காலம் நினைவிருக்கிறதா? எல்லாருக்கும் ஒரே இணையக் கம்பி. ஆனால் ஒருவர் ஏலத்தில் கேட்கும் விலை இன்னொருவர் காதில் விழக் கூடாது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தட்டி கட்டி மறைக்கிற மாதிரி, ஒரே கம்பிக்குள் ஆளுக்கொரு தனி வலை போடும் திறந்த மென்பொருள் ஒன்றை நீதான் தேடிப் பிடித்தாய். அதை நிறுவும் விதத்துக்கு மாதிரி அமைப்புகளும் கூடவே வந்தன. எல்லாம் ஒரே இயந்திரத்தில், அல்லது இரண்டில், அல்லது மூன்றில். உடம்பு வளையாத நான் ஒன்றே போதும் என்றேன்.

“ஒத்த மிசினு செத்தா அழக்கூட ஆளிருக்காது மாப்ளே” என்றாய்.

சரி, ஊருக்கு ஒன்றாக இரண்டு வைப்போம் என்று இறங்கி வந்தேன். அதற்கும் நீ மசியவில்லை.

“ரெண்டுன்னா, நடுவுல கம்பி அறுந்துச்சுன்னு வையி, இது செத்துப்போச்சுன்னு அது நெனைக்கும், அது செத்துப்போச்சுன்னு இது நெனைக்கும். ரெண்டும் நாந்தான் மொதலாளின்னு கெளம்பிரும். உசுரோட இருக்குன்னு சொல்ல மூணாவதா ஒருத்தன் வேணும்ல?”

அந்த மூன்றாவதை உன் வீட்டிலேயே, அரிசி டின் மேல் வைத்தாய். அமைப்புக் கோப்பில் அதற்குக் ‘கங்காணி’ என்று பெயர் எழுதினாய். கொழுந்து கிள்ளாது, கூடை சுமக்காது. யார் வேலையில் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லும். தோட்டத்தில் ஒருத்தன் பார்த்த பார்வை போதாதா, சோறாக்குற இடத்திலும் ஒருத்தனா என்று உன் அம்மா உன்னை வைத வசவு இருக்கிறதே! அதை நான் கண், மூக்கு வைத்துக் குமுளி பஜார் முழுக்கப் பரப்பினேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியபோது நல்ல மழை. கரண்டு இல்லை. என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘கங்காணி பதில் சொல்லவில்லை.’ தெரிந்த சேதிதானே என்று உள்ளே போட்டேன். குழியில் எல்லாரும் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மறுபடி அதிர்ந்தது. ‘கங்காணி திரும்பிவிட்டது.’ கரண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கியதைப் பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததும் தப்பில்லை.

உன் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உன் மனைவி செல்வி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடியில் தன் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே இந்தப் பெட்டிக்கு இடமும் இல்லை, இணைய லைனும் இல்லை. நம் ஆபீஸின் புது மேலாளர், கங்காணியைக் கோப்பிலிருந்து அடித்துவிட்டு எங்கேயாவது வாடகை இயந்திரம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள் என்றார். நல்ல யோசனைதான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரியென்று சொன்ன வாயோடு சின்னக்கானலுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. பெட்டி மட்டும் அரிசி டின் மேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. செல்வி அதைப் பார்க்காமல் பேசினாள்.

“கரண்டு போயி வந்தா, அவுக தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்த மாதிரி மினுக்கு மினுக்குன்னு மினுக்கும்ணே. அணைக்கணும்னா நீங்களே அணைங்க. நான் அதுல கை வைக்க மாட்டேன்.”

நான்தான் அணைத்தேன். கோப்பிலிருந்து பெயரை அடித்துவிட மட்டும் கை வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மறையூர் வழியாக இறங்கினேன். பெட்டிக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார். கங்காணி என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே கேட்காமல் நகர்ந்தார். காட்டுக்குள் சிக்னல் இல்லை. அந்த நேரம் பார்த்து குமுளியோ உடும்பஞ்சோலையோ படுத்திருந்தால், சாட்சிக்கு ஆளில்லாமல் மற்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஏலம் நின்றிருக்கும், என் வேலையும் போயிருக்கும். நல்லவேளை, ஒன்றும் படுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பில் முகவரியை மட்டும் மாற்றினேன். பெயரைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. ‘கங்காணி திரும்பிவிட்டது.’ செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அங்க ஒரே வெக்கையாமே. தாங்குமாண்ணே?” என்றாள்.

அதைத்தான் இன்று மதியத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூடவே இன்னொன்றையும். நாம் இருந்தது இரண்டே பேர். நடுவில் கம்பி அறுந்துவிட்டது. நீ செத்துப்போனாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் நீயும் என்னைப் பற்றி அப்படியே நினைத்து, என் பங்கு வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருக்கிறாயோ என்னவோ. சொல்லி முடித்துவைக்க நடுவே இந்தப் பெட்டி ஒன்றுதான்.

கூடத்து மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேர்த்து ஒழுக எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நான் உசுரோடுதான் இருக்கிறேன் என்று அதனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கேட்டால் சொல்லும்.