எடைக்கல் ஏற்றாமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாதான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்குச் சரியாக இருக்கிறது, அவர் தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை.

சித்தப்பா உனக்குப் போன் செய்து அழுதாராம், குடும்ப விஷயம் வெளியே போக வேண்டாம் என்றாராம், நீயும் விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். விடமாட்டேன். லிஃப்ட் சோதிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் அப்பா ஒரே மாதிரிதான் இருந்தார். முழு எடைக்கல்லையும் ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, தானும் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகுதான் சான்றிதழில் கையெழுத்து. லிஃப்ட் பழுதுபார்க்கும் காண்ட்ராக்டை சித்தப்பா எடுத்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. கல் ஏற்றினால் அவருடைய அரைகுறை வேலை தெரிந்துவிடுமே. "அண்ணா, கல்லு தூக்கறதெல்லாம் நேத்து வந்தவங்களுக்கு. நீங்க சத்தத்தைக் கேட்டாலே போதாதா" என்பார். அப்பாவின் உதவியாளர், நாம் ஜால்ரா என்போமே அவர், "சார் காதுகிட்ட மெஷினே பிச்சை வாங்கணும்" என்று ஒத்து ஊதுவார். மிரட்டியிருந்தால் இருவரையும் அன்றே வெளியே தள்ளியிருப்பார். புகழ்ந்தால் அவருக்குத் தாங்காது, அது கூடப்பிறந்தவருக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரி லிஃப்டுக்கும் அப்படித்தான் காதால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எட்டாவது நாள் பிரேக் பிடிக்காமல் இரண்டு மாடி சறுக்கி மோதியது. உள்ளே இருந்த நர்ஸுக்கு இரண்டு காலும் முறிந்தன. விசாரணையில் ஜால்ரா, "நான் எவ்வளவோ சொன்னேன், சார்தான் கேக்கலை" என்றார். சித்தப்பா, "அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு ஏதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவோ "கையெழுத்து என்னோடது" என்பதோடு நிறுத்திக்கொண்டார், பெரிய மனுஷர். உரிமம் போகப்போகிறது, வழக்கும் வரும்.

அப்பாவின் போனில் சித்தப்பா அனுப்பிய குரல் பதிவுகள் பத்தொன்பது இருக்கின்றன. கடைசியது சோதனை நாள் காலையில் வந்தது. "கல்லு வேணாம்ணா, கல்லு ஏத்தற வண்டியே அனுப்பலை. வந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." எல்லாவற்றையும் நேற்று விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை சித்தப்பாவையும் ஜால்ராவையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அந்த முகங்களைப் பார்க்கப்போகிறேன். இதனால் அப்பா தப்பிக்க மாட்டார், தெரியும். தனியாக விழ வேண்டாம், அதுதான் என் கணக்கு.

கூடவே ஒரு தாளும் எழுதிக் கொடுத்தேன். "எல்லார் வீட்லயும் ஆறு மணிக்கு வந்துடறாங்க, உங்களுக்கு மட்டும் கல்லைக் கட்டி அழணுமா" என்று இரண்டு வருஷம் அவரைக் குத்திக்காட்டியவள் நான் என்று அதில் இருக்கிறது. அதையும் வாசிப்பார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. சித்தப்பா மறுபடி கூப்பிட்டால் எதற்கும் தலையாட்டாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். அன்றைக்கு அவர் என்னோடு பேசமாட்டார், நீயாவது பேச வேண்டும்.

இப்படிக்கு, உன்னையே நினைத்திருக்கும்
அம்மா