நான் பார்த்திராத ஒரு துண்டு நிலம்

அன்புள்ளவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உங்கள் குரல் அப்படிச் சொல்லவில்லை. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பாதியில் நீங்கள் "சரி சரி, கடையில ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிடுவீர்கள். எனக்கும் அது ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருக்கும். அதனால்தான் கடிதம்.

விடுதி அறை பழகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சமையற்கட்டுப் புகை, மூடினால் புழுக்கம். அறைத்தோழி நல்ல பெண், குறட்டைதான் லாரி ஏற்றம் ஏறுவது போல. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் "தத்துவம் படிச்சா சாமியாராப் போயிடுவாங்களா?" என்று கேட்கிறாரா? சாமியார்கள்கூட எங்களை விட வேளைக்குச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.

போன வாரம் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த குழந்தையைப் பற்றி எப்போது பேசலாம் என்றீர்கள். நான் பேசாமல் இருக்கவும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூமி சூடாகுது, பிள்ளை பெத்துக்காதேன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா? வேண்டாம்னு சொல்றதுக்கா அவ்வளவு தூரம் போய்ப் படிக்கறே?" என்றீர்கள். சுருக்கென்று தைத்தது. புத்தகத்தில் அப்படியும் இருக்கிறது, அதற்கு எதிராகவும் இருக்கிறது. வகுப்பில் இரண்டு பக்கமும் நின்று வாதாடுகிறேன், மதிப்பெண்ணும் போடுகிறார்கள். ஆனால் நான் வாயடைத்துப் போனதற்குக் காரணம் அது எதுவும் இல்லை.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார்கள். மனிதனுக்கு மண்ணிடம் கடமை உண்டா என்பதுதான் பாடம். பேராசிரியர், படித்ததை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நமக்கென்று கடமை இருக்கிற ஏதாவது ஒரு துண்டு நிலத்தை, போய் நின்று பார்த்தபடி எழுத வேண்டும். ஒருத்தி சுரங்கம் வரப்போகிற மலையடிவாரத்தை எழுதினாள். 'தாடி' என்று நாங்கள் கூப்பிடுகிற பையன், தன் வீட்டுப் பின்னால் குப்பை கொட்டி மூடிவிட்ட குட்டையை எழுதினான். நான் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உணவுக்கூடத்தில் தாடி எதிரே வந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்க இடம் எது? மொட்டை மாடிப் பூந்தொட்டியா?" என்று கிண்டலாகத்தான் கேட்டான். எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை, "என் பொண்ணப் புதைச்ச இடம். எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். எப்போதும் வாய் மூடாத பையன். தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் மெதுவாக, "தெரிஞ்சவங்க யாரும் இல்லையாக்கா?" என்றான். "அவங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான், உங்களை அப்படி ஒரு நாளும் நான் அழைத்ததில்லை என்று உறைத்தது.

அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லாரும், பார்க்காமல் இருப்பதே நல்லது, பார்த்தால் மறக்க முடியாது என்றார்கள். நர்ஸ், "பெண் குழந்தை" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. நீங்களும் உங்கள் தம்பியும் போய்விட்டு வந்தீர்கள். வந்ததும் எனக்குப் பால் ஆற்றிக் கொடுத்தீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நீங்கள். வில்லையில் ரேகை படியக் கூடாது என்று நாள் முழுக்கக் கை கழுவுகிறவர். அன்றைக்கு உங்கள் நகக்கண்ணில் மண் இருந்தது. பார்த்தேன். நீங்கள் கையை மடக்கிக்கொண்டீர்கள். நான் பாலைக் குடித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் கரண்ட் பில், காய்கறி, அத்தையின் மாத்திரை தவிர வேறெதுவும் பேசவில்லை. படிக்க இடம் கிடைத்ததும் நான் ஓடி வந்துவிட்டதாக உங்கள் அக்கா சொன்னாராம். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த குழந்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. முதல் குழந்தையைக் கொண்டுபோய் விட்டவர் நீங்கள். நான் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயேதான் படுத்திருக்கிறேன்.

அங்கே மரம் ஏதாவது இருக்கிறதா? மேடா, பள்ளமா? மழைத்தண்ணீர் தேங்குமா? இதற்குள் வீடு கட்டிவிட்டார்களா, ரோடு போட்டுவிட்டார்களா? நீங்கள் தனியாகப் போய் வருகிறீர்களோ என்று சில நாள் தோன்றுகிறது. அப்படியென்றால் அத்தனை தடவையும் தனியாகத்தானே போயிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

விடுமுறைக்கு வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வாருங்கள். வீட்டுக்குப் போக வேண்டாம், பெட்டி படுக்கையோடு நேரே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அடையாளம் ஒன்றும் மிஞ்சியிருக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பக்கம்தான் என்று கை காட்டினால் போதும். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். கூட நிற்கிறேன், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கடையை நேரத்தோடு மூடுங்கள். என்மேல் இருக்கிற கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வருகிறேன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள்.

அந்த வரிக்குக் காத்திருக்கும்,
நம் பெண்ணின் அம்மா.